“நீதிபதிக்கு எங்களைப் பிடிக்கவில்லை; வழக்கை யாழ்ப்பாணத்துக்கு மாற்றலாமா?”

வலிகாமத்திலிருந்து ஓர் ஆசிரியை நான்கு பக்கக் கடிதம் ஒன்று அனுப்பியிருக்கிறார். ஆட்களை இனங்காட்டக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

அவருடைய தம்பிக்கு 29 வயது. கன்ரர் லொறியில் சின்ன வெங்காயம் ஏற்றிக்கொண்டு தெற்கில் உள்ள பொருளாதார மத்திய நிலையம் ஒன்றுக்குப் போய்வருபவர். ஒருநாள் விடியப்புறம், லொறியை எங்கே விடுவது என்ற வாய்த்தர்க்கம் கைகலப்பில் முடிந்திருக்கிறது. மூடை வெட்டும் கத்தியால் மற்றப் பக்கத்தில் ஒருவருக்கு வயிற்றில் பலத்த காயம். தம்பிக்கும் தலையில் தையல் போட்டிருக்கிறார்கள். கொலை முயற்சி என்று குற்றப்பத்திரம் தாக்கலாகி, வடக்குக்கு வெளியே உள்ள ஒரு மேல் நீதிமன்றத்தில், ஜூரி சபை இல்லாமல், தனி நீதிபதி முன் விளக்கம் (வழக்கு விசாரணை) நடக்கிறது. சில மாதம் விளக்கமறியலில் இருந்துவிட்டு இப்போது பிணையில் இருக்கிறார்.

அக்காவின் மனக்குறை வழக்கைப் பற்றியதை விட நீதிபதியைப் பற்றியது. பிணை விண்ணப்பத்தன்று “இவர் முன்பு இயக்கத்தில் இருந்தவரா?” என்று நீதிபதி கேட்டாராம். யுத்தம் முடிந்தபோது தம்பி பள்ளிக்கூடப் பிள்ளை. விளக்கத்தின்போது நீதிபதி சிங்களத்தில் ஏதோ சொல்ல, மன்றில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லவில்லை. “யாழ்ப்பாணத்தில் வெங்காயம் வெட்டுகிற கத்தியால்தான் ஆளையும் வெட்டுவார்களோ” என்று சொன்னதாக, கூடப் போன சாரதி ஒருவர் வெளியே வந்து விளக்கியிருக்கிறார். மூன்றாவது சம்பவம் குறுக்கு விசாரணையில் நடந்தது. சண்டைக்கு முன் தம்பியைப் பார்த்து ‘கொட்டியா’ (சிங்களத்தில் ‘புலி’) என்று கத்தினீர்களா என்று தம்பியின் சட்டத்தரணி முதலாம் சாட்சியைக் கேட்டிருக்கிறார். நீதிபதி இடைமறித்து, “என் மன்றில் இனவாதம் பேச வேண்டாம்” என்று அந்தக் கேள்வியை அனுமதிக்கவில்லை.

இவற்றை வைத்து அவர் கேட்பவை: வழக்கை யாழ்ப்பாணத்துக்கு மாற்றலாமா? நீதிபதிக்கு எதிராக அடிப்படை உரிமை மீறல் வழக்குப் போடலாமா? மச்சான் தொலைபேசியில் இரகசியமாகப் பதிந்த ஒலியை முகநூலில் போடலாமா? ஜூரி கேட்காதது பிழையா? இல்லையென்றால், குற்றத்தை ஒப்புக்கொண்டு இந்த அலைச்சலை முடித்துவிடலாமா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். நீங்கள் முதன்மையாகச் சொன்னவற்றை விட, போகிற போக்கில் எழுதிய இரண்டு விடயங்கள் உங்கள் தம்பிக்குக் கூடுதலாக உதவும் என்று எனக்குப் படுகிறது. ஒன்று, அனுமதிக்கப்படாத அந்தக் கேள்வி. மற்றது கடைசிப் பக்கத்தில் ஒற்றை வரியில் வருகிறது. அதைப் பிறகு சொல்கிறேன். வழக்கேட்டைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதால், நான் சொல்வதை உங்கள் சட்டத்தரணியிடம் கொண்டுபோய்க் கதைப்பதற்கான குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

“நீதிபதி எங்கட ஆக்களை வெறுக்கிறார்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒரு நீதிபதியின் மனதைத் திறந்து காட்டும்படி எந்த மேன்முறையீட்டு மன்றமும் உங்களைக் கேட்பதில்லை. அப்படிக் காட்டவும் முடியாது. விபரம் அறிந்த, நிதானமான ஒரு வெளியாள் அந்த மன்றின் பின்வாங்கில் இருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தால், இங்கே பக்கச்சார்பு இருக்கக்கூடும் என்று நியாயமாக ஐயுற்றிருப்பாரா என்பதே சட்டம் கேட்கும் கேள்வி.

இதன் வேர் 1920களில் இங்கிலாந்தில் சசெக்ஸ் நீதவான்கள் தீர்த்த ஒரு வீதி விபத்து வழக்கில் இருக்கிறது. ஆபத்தாக வாகனம் ஓட்டியதாக ஒருவருக்குத் தண்டனை கொடுத்தார்கள். நீதவான்கள் தீர்ப்பை யோசிக்க உள்ளே போனபோது மன்றின் எழுதுவினைஞரும் கூடவே போனார். அதே விபத்துக்கு நட்டஈடு கேட்ட மற்றத் தரப்புக்காக வேலை செய்த சட்ட நிறுவனத்தில் அவர் ஒரு பங்காளி. உள்ளே அவர் வாயே திறக்கவில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். இருந்தும் மேல் மன்று அந்தக் குற்றத்தீர்ப்பை இரத்துச் செய்தது. யாருடைய மனதிலும் கள்ளம் இருந்ததென்று காட்ட வேண்டி இருக்கவில்லை. வெளித்தோற்றமே போதுமாக இருந்தது.

இதை வாசித்துவிட்டு “அப்ப எங்கட வழக்கு வென்ற மாதிரித்தான்” என்று நினைத்துவிடாதீர்கள். 1997 இல் கனடாவின் உயர் நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கைப் பாருங்கள். நோவா ஸ்கோஷியாவில் ஒரு கறுப்பினச் சிறுவன் பொலிஸ்காரரைத் தாக்கியதாகக் குற்றச்சாட்டு. அவனை விடுதலை செய்த நீதிபதியும் கறுப்பினத்தவர். பொலிஸார் வெள்ளையர் அல்லாதவர்களிடம் தேவைக்கு அதிகமாக நடந்துகொள்வதுண்டு என்று அவர் சொன்ன ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு, அவரே பக்கச்சார்பானவர் என்று வழக்குத் தொடுநர் தரப்பு முறையிட்டது. பெரும்பான்மை நீதியரசர்கள் அதை ஏற்கவில்லை. ஒருவரின் இனத்தை வைத்தோ ஒற்றை வசனத்தை வைத்தோ இந்த முடிவுக்கு வரக்கூடாது, நடவடிக்கை முழுவதையும் பார்க்க வேண்டும் என்றார்கள். அங்கே கறுப்பின நீதிபதியைக் காத்த அதே அளவுகோல்தான் இங்கே உங்கள் தம்பியின் நீதிபதிக்கும் பொருந்தும். சிங்கள நீதிபதி, சிங்களச் சாட்சிகள், சிங்கள மன்று என்று நீங்கள் அடுக்கிய பட்டியல் தன்னளவில் ஒன்றையும் நிரூபிக்காது.

அந்த அளவுகோலால் நீங்கள் சொன்ன மூன்று சம்பவங்களையும் அளந்து பார்ப்போம்; மூன்றாவதைப் பிறகு தனியாக எடுக்கிறேன். இயக்கத்தில் இருந்தவரா என்ற கேள்விக்கு வழக்கில் எந்த அடிப்படையும் இல்லை என்றால், யாழ்ப்பாண விலாசத்தைத் தவிர வேறெதுவும் அதைத் தூண்டவில்லை என்று வாதிடலாம். ஆனால் நீங்கள் கணக்கில் எடுக்காமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதே நீதிபதிதான் அன்றைக்குப் பிணையும் கொடுத்தார். பின்வாங்கு ஆள் அதையும் பார்ப்பார். கத்திப் பகிடி இதைவிட மோசமானது. குற்றம் நிரூபிக்கப்படும் முன்பே கத்தி எடுத்தவர் அவர்தான் என்று எடுத்துக்கொண்டு, அதை ஊரோடும் சேர்த்துவிடுகிறது. ஆனால் அது பதிவில் இருக்கிறதா?

வழக்கேட்டில் இல்லாதது

மேல் நீதிமன்றத்தில் சாட்சியம் சுருக்கெழுத்தாளரால் எடுக்கப்பட்டுத் தட்டச்சில் வரும். கேள்வியும் பதிலும் ஏறும். நீதிபதியின் பகிடி, பெருமூச்சு, முகச்சுளிப்பு, மன்றின் சிரிப்பு ஒன்றும் பெரும்பாலும் ஏறாது. கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் இருக்கும் நீதியரசர்கள் பார்க்கப் போவது அந்தத் தட்டச்சுத் தாள்களைத்தான். உங்கள் அழுகையை அவர்கள் பார்க்கப் போவதில்லை.

ஆகவே முதல் வேலை, இதுவரை நடந்தவற்றின் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிப்பது. அந்தப் பகிடி அதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால், அன்று மன்றில் இருந்து சிங்களத்தில் நேரடியாகக் கேட்டு விளங்கியவர் யாரோ அவரிடமிருந்து சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து கையெழுத்திட்ட வாக்குமூலம்) எடுக்க வேண்டும். உங்கள் சத்தியக்கடதாசி இதற்கு உதவாது. நீங்கள் சிரிப்பைத்தான் கேட்டீர்கள், சொல்லை அல்ல. அந்தச் சாரதி தான் கேட்டதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும்.

இனி அப்படி ஒன்று நடந்தால் உங்கள் சட்டத்தரணி அதே நிமிடம் எழும்பி, மரியாதையாக, “கனம் நீதிபதி அவர்களே, இப்போது கூறப்பட்டதையும் அதற்கான எனது ஆட்சேபனையையும் பதிவில் இடுமாறு வேண்டுகிறேன்” என்று சொல்ல வேண்டும். பல இளம் சட்டத்தரணிகள் இதற்குப் பயப்படுவார்கள். நாளைக்கும் அதே நீதிபதி முன்தான் வேறு வழக்குகளுக்கு நிற்க வேண்டும் என்ற பயம் அது, விளங்கிக்கொள்ளக்கூடியது. ஆனால் தீர்ப்பு வரும்வரை பேசாமல் இருந்துவிட்டு, பாதகமாக வந்த பிறகு “அப்பவே பக்கச்சார்பு” என்று சொன்னால், வென்றால் இருந்திருப்பார்கள், தோற்றதால் சொல்கிறார்கள் என்றே மேல் மன்று எடுத்துக்கொள்ளும். ஆட்சேபனைக்கு ஒரு காலம் இருக்கிறது. அது போனால் உரிமையை விட்டுக்கொடுத்ததாகவே கணிக்கப்படும்.

மொழி: நீங்கள் உரிமையாகக் கேட்க வேண்டியது

இந்த விடயத்தில் நீங்கள் தேவைக்கு அதிகமாக அடங்கிப் போயிருக்கிறீர்கள். “சிங்கள இடத்தில் சிங்களத்தில்தான் நடக்கும், என்ன செய்வது” என்று எழுதியிருக்கிறீர்கள். மன்றின் மொழி சிங்களமாக இருப்பது சட்டப்படி சரி. அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை, தமிழ் நிருவாக மொழியாக உள்ள பகுதிகளுக்கு வெளியே அப்படித்தான் வைத்திருக்கிறது. ஆனால் அதே உறுப்புரைதான், மன்றின் மொழி தெரியாத தரப்பினருக்கு நடவடிக்கையை விளங்கிப் பங்குபற்றக்கூடிய அளவுக்கு மொழிபெயர்ப்பை அரசு கொடுக்க வேண்டும் என்றும், வழக்கேட்டில் அவர் பெற உரித்துடைய பகுதியைத் தன் மொழியில் பெறலாம் என்றும் சொல்கிறது. 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தின் 4 ஆம் பிரிவும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு மொழிபெயர்ப்பாளரின் உதவியை உரிமையாகத் தருகிறது.

பத்து நிமிடச் சாட்சியத்தை “அவர் குத்தினதைக் கண்டதாகச் சொல்றார்” என்று ஒரு வரியில் சுருக்குவது மொழிபெயர்ப்பு ஆகாது. வசனத்துக்கு வசனம் வேண்டும் என்று அடுத்த தவணையிலேயே நகர்த்தல் பத்திரம் (மன்றிடம் எழுத்தில் கொடுக்கும் வேண்டுகோள்) ஒன்றின் மூலம் கேட்கச் சொல்லுங்கள். நீதிபதி மறுத்தால் மறுப்பு பதிவாகும். ஏற்றால் தம்பிக்கு வழக்கு விளங்கும். இரண்டும் நல்லதே.

பொலிஸில் கொடுத்த வாக்குமூலத்தையும் கவனியுங்கள். அதைச் சிங்களத்தில் எழுதி, வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த நாட்டில் இந்தக் குறைக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. சிங்கராசா வழக்கில் தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவர், சிங்களத்தில் தட்டச்சான குற்ற ஒப்புதலை அடிப்படையாக வைத்து 1995 இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பின்னர் அது 35 ஆண்டாகக் குறைந்தது. மொழிபெயர்த்தவரும் விசாரணைத் தரப்பைச் சேர்ந்தவரே. 2004 இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு, நியாயமான விளக்கத்துக்கான அவருடைய உரிமை மீறப்பட்டதென்று கண்டது. 2006 இல் எங்கள் உயர் நீதிமன்றம், அந்தக் குழுவிடம் தனியாட்கள் முறையிட வழிசெய்த நெறிமுறையில் இலங்கை இணைந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லிவிட்டது.

உங்கள் தம்பியின் நிலை அதுவல்ல. சிங்கராசா வழக்கு பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வந்தது. அந்தச் சட்டம் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை ஏற்கிறது. சாதாரணக் குற்றவியல் வழக்கில், பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு, எதிராக நிரூபிக்க முடியாது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. ஆனால் தம்பி சாட்சிக் கூண்டில் ஏறி ஒன்றைச் சொல்ல, பொலிஸ் புத்தகத்தில் வேறொன்று எழுதியிருந்தால், அந்த முரண்பாட்டைக் காட்டி அவரை மடக்கலாம். அதனால் வாக்குமூலம் பதிந்த உத்தியோகத்தர் சாட்சி சொல்லும் நாள் முக்கியமானது. அவருக்குத் தமிழ் தெரியுமா, யார் மொழிபெயர்த்தது, வாசித்துக் காட்டியதா என்று உங்கள் சட்டத்தரணி விடாமல் கேட்க வேண்டும்.

தடுக்கப்பட்ட அந்தக் கேள்வி

என்னைக் கேட்டால், உங்கள் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

அந்த நீதிபதி கெட்ட எண்ணத்தோடு இடைமறித்திருக்கத் தேவையில்லை. “என் மன்றில் இனவாதம் வேண்டாம்” என்றபோது, தான் நடுநிலையாக நடப்பதாகவே அவர் உண்மையில் நினைத்திருக்கலாம். நல்ல மனிதர்கள் பலருக்கு இந்த மயக்கம் உண்டு. இனத்தைப் பற்றிக் கதைக்காவிட்டால் மன்றில் இனம் இல்லாமல் போய்விடும் என்று நம்புவார்கள். ஆனால் சண்டைக்கு முன் சாட்சி ஒருவர் இன வசை பேசினாரா என்பது அரசியல் பேச்சல்ல, வழக்கின் உண்மைகளில் ஒன்று. யார் முதலில் பாய்ந்தது, தம்பிக்கு உயிர்ப்பயம் ஏற்படக் காரணம் இருந்ததா, தற்காப்புரிமை எழுந்ததா, திடீர் ஆத்திரமூட்டல் இருந்ததா என்ற எல்லாவற்றோடும் அது பின்னியிருக்கிறது. கொலை முயற்சிக்கு, காயம் ஏற்பட்டிருந்தால், தண்டனைச் சட்டக்கோவையின் 300 ஆம் பிரிவு 20 ஆண்டுவரை தண்டனை வைத்திருக்கிறது. ஆத்திரமூட்டல் ஏற்கப்பட்டால் குற்றமே குறைந்த வகைக்கு இறங்கும். தற்காப்பு ஏற்கப்பட்டால் குற்றமே இல்லை.

அந்தச் சாட்சி பக்கச்சார்பற்றவரா என்பதையும் அந்தக் கேள்வி சோதிக்கிறது. சாட்சியின் நடுநிலையைத் தாக்கும் கேள்விக்கு அவர் “இல்லை” என்று சொன்னால், வேறு சாட்சியம் கொண்டு அதை மறுக்கலாம் என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 153 ஆம் பிரிவு வெளிப்படையாகவே விதிவிலக்குத் தருகிறது. ஆக, கேள்வி சட்டத்துக்குள் நிற்கிறது, தடுத்ததுதான் பிழை. இதைச் சொல்ல நீதிபதியை இனவாதி என்று ஒரு இடத்திலும் எழுத வேண்டியதில்லை. பொருத்தமான சாட்சியம் வெளியே நிறுத்தப்பட்டது, அதனால் எதிரியின் வாதம் மன்றின் முன் வராமல் போனது என்று சொன்னால் போதும். நீதிபதியின் நெஞ்சைப் பற்றி வாதாடுவதை விட இது பத்து மடங்கு பலமானது. மேன்முறையீட்டு மன்று நடைமுறைப் பிழைகள் எல்லாவற்றுக்கும் தீர்ப்பை மாற்றாது. தரப்பினரின் முக்கிய உரிமை பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது நீதி தவறியிருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 138 ஆம் உறுப்புரை நிபந்தனை வைக்கிறது. பகிடி ஒன்றுக்கு அந்த நிபந்தனையைத் தாண்டுவது கடினம். தடுக்கப்பட்ட இந்தக் கேள்வி தாண்டக்கூடும்.

கேள்வியும் மறுப்பும் பதிவில் இருக்கின்றனவா என்று உடனே பாருங்கள். இல்லாவிட்டால் அந்தச் சாட்சியை மீண்டும் அழைக்க விண்ணப்பிக்கலாம்.

ஒரு சின்னத் திருத்தமும் சொல்ல வேண்டும். “நீதிபதியே சாட்சிகளிடம் கேள்வி கேட்கிறார், இது அநியாயம்” என்கிறீர்கள். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 165 ஆம் பிரிவின்படி நீதிபதி எந்தச் சாட்சியிடமும் எப்போதும் கேள்வி கேட்கலாம். வழக்குத் தொடுநரின் ஓட்டைகளை அவரே தொடர்ந்து அடைத்துக் கொடுக்கிறார் என்று பதிவு காட்டினால்தான் அது குறையாகும்.

யாழ்ப்பாணத்துக்கு மாற்றுவது

பக்கச்சார்பற்ற நியாயமான விளக்கம் ஒரு மன்றில் கிடைக்காது என்று தோன்றினால், வழக்கை வேறு மன்றுக்கு மாற்ற மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நீதித்துறைச் சட்டத்தின் 46 ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. சத்தியக்கடதாசியோடு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன், அதே நீதிபதியிடம், காரணங்களைச் சொல்லி, வழக்கிலிருந்து விலகும்படி மரியாதையாகக் கேட்பது நல்ல முறை. கேட்டால் கோபிப்பார் என்று நீங்கள் பயப்படுவது தெரியும். நேரில் கேட்காமல் முதுகுக்குப் பின்னால் கொழும்புக்குப் போனால் அதைவிடக் கூடுதலாகக் கோபிப்பார்.

மாற்றம் கிடைத்தாலும் அது யாழ்ப்பாணத்துக்கு என்று எதிர்பார்க்காதீர்கள். சம்பவம் அங்கே நடந்தது, சாட்சிகள் அங்கே இருக்கிறார்கள், காயப்பட்டவரும் அங்கே இருக்கிறார். அவருக்கும் நியாயமான விளக்கத்தைப் பெறும் உரிமை இருக்கிறது. கடிதம் முழுக்க அவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனித்தேன். பாதுகாப்பு, சாட்சிகளின் வசதி என்று காட்டி வழக்குகள் எங்கள் பக்கத்திலிருந்து தெற்கே போன அனுபவம் எங்களுக்கு நிறைய உண்டு. திருகோணமலை மாவட்டத்துக் குமாரபுரத்தில் 1996 பெப்ரவரியில் நடந்த படுகொலையின் வழக்கு அநுராதபுரத்தில்தான் நடந்தது. மாற்றம் வந்தால் சாட்சிகளை மீண்டும் அழைக்கும் கேள்வி எழும், வருடங்கள் கூடும். இப்போதைய பதிவை வைத்துப் பார்த்தால் மாற்ற விண்ணப்பம் வெல்லும் என்று எனக்குத் தோன்றவில்லை. சத்தியக்கடதாசிகள் பலமாக வந்தால் என் கருத்து மாறலாம்.

ஜூரி கேட்காமல் விட்டதற்காகக் கவலைப்படாதீர்கள். அது பிழையல்ல. ஜூரி சபையில் ஏழு பேர். ஐந்துக்கு இரண்டு என்றாலும் முடிவு செல்லும். காரணம் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. குமாரபுரம் வழக்கில் 2016 யூலையில் ஆறு முன்னாள் இராணுவத்தினரை விடுதலை செய்தது ஜூரி. சட்டத்தரணியும் பாராளுமன்ற உறுப்பினருமான நடராஜா ரவிராஜின் கொலை வழக்கில், அதே ஆண்டு டிசம்பரில், முழுவதும் சிங்களவரைக் கொண்ட ஜூரி எதிரிகளை விடுதலை செய்தது. ஏன் என்று இன்றுவரை எழுத்தில் இல்லை. தனி நீதிபதியோ, மூன்று நீதிபதிகள் அமர்வோ காரணங்களை எழுதியாக வேண்டும். தமிழ்ப் பொதுமக்களை இராணுவத்தினர் கொன்ற மிருசுவில் வழக்கில் 2015 இல் கொழும்பில் மூன்று நீதிபதிகள் காரணங்களோடு எழுதிய தீர்ப்பு, 2019 இல் உயர் நீதிமன்றத்திலும் நின்றது. 2020 இல், தண்டிக்கப்பட்ட அந்த இராணுவ வீரர் வெளியே வந்தது ஜனாதிபதியின் மன்னிப்பால். அதைச் செய்தது நீதிமன்றமல்ல. எழுதப்பட்ட காரணத்தை எதிர்த்து வாதாடலாம். ஏழு பேர் அறைக்குள் என்ன கதைத்தார்கள் என்பதை எதிர்த்து வாதாட முடியாது.

செய்ய வேண்டாதவை

அடிப்படை உரிமை மீறல் மனு நிறைவேற்று, நிருவாகச் செயல்களுக்கு எதிரானது. நீதிபதி ஒருவர் மன்றில் நீதித்துறைக் கடமையாகச் செய்ததை அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் கொண்டுபோக முடியாது. பொலிஸார் கைதின்போது செய்தவற்றுக்கு எதிராகப் போயிருக்கலாம். ஆனால் அதற்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால் காலம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். உங்கள் விடயத்தில் இரண்டும் நடக்கவில்லை. நீதிச்சேவை ஆணைக்குழுவுக்கு நீதிபதியின் நடத்தை பற்றி முறைப்பாடு எழுதலாம், அது உங்கள் உரிமை. ஆனால் அந்த முறைப்பாட்டால் இந்த வழக்கின் ஒரு தாளும் மாறாது. தீர்ப்புக்குப் பிறகு, நிதானமாக எழுதுவது நல்லது.

ஒலிப்பதிவை முகநூலில் போடவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் சொந்தக்காரருக்கும் அனுப்ப வேண்டாம், கனடாவில் இருக்கும் சித்தப்பாவுக்கும் வேண்டாம். அனுமதியில்லாமல் மன்றில் பதிந்ததே பிரச்சினை. அதைப் பரப்பினால், 2024 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் கீழ் மச்சானும் நீங்களும் எதிரிகளாக நிற்க வேண்டி வரலாம். நீதித்துறையைப் பற்றிப் பொதுவெளியில் சொன்ன ஒரு கருத்துக்காகப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த ரஞ்சன் ராமநாயக்க 2021 ஜனவரியில் நான்கு வருடக் கடூழியச் சிறைக்குப் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். நீங்கள் அரச பாடசாலை ஆசிரியை என்பதையும் யோசியுங்கள். தொலைபேசியை அப்படியே சட்டத்தரணியிடம் கொண்டுபோய், எப்படிப் பதிந்தது என்று உண்மையைச் சொல்லி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

குற்றத்தை ஒப்புக்கொள்வது பற்றி: அலைச்சலுக்காக ஒப்புக்கொள்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஒப்புக்கொண்ட பிறகு குற்றத்தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்ய அநேகமாக வழியிருக்காது. குற்றப் பதிவு கூடவே வரும். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் அங்கேயும் வரும். ஆனால் சட்டமா அதிபர் தரப்போடு கதைத்து, குறைந்த குற்றமொன்றுக்கு இறங்குவது வேறு விடயம். தலையிலிருந்த காயத்துக்கான சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை கையில் இருந்தால் அந்தப் பேச்சுக்குப் பலம் இருக்கும். அது கையில் இருக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இல்லாவிட்டால் அதை எடுப்பதற்கு ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

சிங்களச் சட்டத்தரணியாக மாற்றச் சொல்லும் சொந்தக்காரரின் யோசனை பற்றி அதிகம் சொல்ல இல்லை. இனத்தை விட, அந்த மன்றில் எழும்பி ஆட்சேபிக்கும் துணிவு அவருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். செலவு தாங்காவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் உண்டு. தீர்ப்பு பாதகமாக வந்தால் மேன்முறையீட்டுக்கு 14 நாள்தான் அவகாசம். அந்தத் திகதியை இப்போதே மனதில் வையுங்கள்.

இனி அந்த ஒற்றை வரி. “பக்கத்துத் தேத்தண்ணிக் கடை ஐயா, சிங்களவர், முதலில் அடித்தது அவர்கள்தான் என்று சொன்னார், ஆனால் அவர் எங்களுக்காகச் சாட்சி சொல்லுவாரா, சொன்னாலும் யார் கேட்கப் போகினம்” என்று எழுதிவிட்டு அப்படியே விட்டுவிட்டீர்கள். அவரிடம் ஒரு தடவை கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அப்படித் தெரியவில்லை. அவர் எந்த இனம் என்பதை வைத்தே பதிலை முடிவு செய்திருக்கிறீர்கள். நீதிபதி செய்ததாக நீங்கள் சொல்லும் குறையும் இதுதான், கோபிக்க வேண்டாம்.

சம்பவத்தை ஆரம்பத்திலிருந்து பார்த்தவர், இரு தரப்புக்கும் சொந்தமில்லாதவர், மன்றின் மொழியிலேயே நேரடியாகப் பேசக்கூடியவர். தடுக்கப்பட்ட அந்தக் கேள்விக்கு, வசையைக் காதால் கேட்டிருந்தால், பதில் தரக்கூடியவரும் அவர்தான். எதிரித் தரப்புச் சாட்சியாக அவருடைய பெயரைக் கொடுத்து மன்றின் மூலம் அழைப்பாணை எடுக்கலாம். நீங்களோ மச்சானோ போய்ச் சந்திக்க வேண்டாம். ஒரு கிலோ வெங்காயம்கூடக் கொண்டுபோக வேண்டாம், நாளைக்கு அது இலஞ்சம் என்று குறுக்கு விசாரணையில் வரும். சட்டத்தரணி போகட்டும், அல்லது அவருடைய உதவியாளர் போகட்டும். அந்த விடயத்தை அடுத்த தவணைக்கு முன் முடித்துவிடுங்கள்.